காக்கேசிய மலையில் ஒரு நாள்

வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நம் போன்ற குடும்பங்களுக்குப் பிரயாணம் என்றால் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். ஆண்டுக்கொரு முறை விடுமுறை பெற்று, மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறி, சொந்த ஊர் சேர்ந்து, உற்றார் உறவினரைக் கண்டு, குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டுத் திரும்புவது. வெளிநாடு செல்வது வசதி படைத்தோர் காரியம் என்று எண்ணியிருந்த காலம் இப்போது மெல்ல மாறி வருகிறது. சிகந்தராபாத்தில் ரயில்வே அலுவலகங்களில் பணிபுரியும் நாங்கள் நான்கு குடும்பத்தார், சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, ஜார்ஜியா நாட்டுக்குச் சென்று வந்தோம். அங்கே கழித்த நாட்களுள் ஒரே ஒரு நாளை மட்டும் இங்கு விவரிக்க முற்படுகிறோம். அந்த ஒரு நாளில் கண்ட கோயில்களும் மலைகளும் கண்ணுக்கு விருந்தாயின என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் அவை எங்களைச் சிந்திக்க வைத்தன.

அமெரிக்காவில் ஜார்ஜியா என்ற பெயரில் ஒரு மாநிலம் உண்டு. நாம் கூறுவது அதுவன்று. மேற்கே கருங்கடலும் வடக்கே காக்கேசிய மலைத்தொடரும் எல்லைகளாக அமைய, துருக்கி, ஆர்மீனியா, அசர்பைஜான் ஆகிய நாடுகளை அண்டையிற் கொண்ட சிறு நாடு இது. பரப்பில் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றே மேல். மக்கள் தொகை சுமார் 37 லட்சம். அந்நாட்டு மக்கள் தங்கள் நாட்டைச் ‘சகார்த்வேலோ’ என்று அழைக்கின்றனர். 1991-ஆம் ஆண்டு வரை சோவியத் யூனியனில் ஒரு குடியரசாக இருந்து, அவ்வாண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்ட நாடு.

தலைநகர் டிபிலிசியிலிருந்து வடக்கு நோக்கி ஒரு பெருஞ்சாலை செல்கிறது. இராணுவப் பெருஞ்சாலை என்று பெயர். காக்கேசிய மலையைக் கடந்து ரஷ்யாவின் விளாடிகாவ்காஸ் நகரை அடையும் இச்சாலையின் நீளம் சுமார் 210 கிலோமீட்டர். பண்டை வணிகரும் படையெடுத்தோரும் நடந்த தடம் இது. 1799 முதல் ரஷ்யப் படையினர் இதனைச் செப்பனிட்டுச் சாலையாக்கினர். இம்மலைத்தொடரின் நடுவே ரயில் பாதை கிடையாது. கருங்கடல் ஓரமாகவும் காஸ்பியன் கடல் ஓரமாகவும் சுற்றிக்கொண்டுதான் இருப்புப்பாதை செல்கிறது. ஆகவே ரயில்வேக்காரர்களாகிய நாங்களும் அன்று மோட்டார் வண்டியையே நம்ப வேண்டியதாயிற்று. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். ஆங்கிலம் நன்கு பேசும் நடுவயது அம்மையார் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார்.

பழைய தலைநகரம்

டிபிலிசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் மித்ஸ்கேத்தா என்னும் சிற்றூர் இருக்கிறது. டிபிலிசி தலைநகராவதற்கு முன் இதுவே தலைநகரம். இவ்வூரின் ஆலயங்கள் 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

முதலில் குன்றின் மேலுள்ள ஜ்வாரி ஆலயத்துக்கு ஏறினோம். ஜ்வாரி என்றால் சிலுவை. நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டிலிருந்து நினோ என்னும் பெண் துறவி வந்து இந்நாட்டு மன்னன் மிரியனைக் கிறிஸ்தவராக்கினார் என்பது இவர்கள் வரலாறு. அக்காலத்தில் இக்குன்றின் மேல் ஒரு மரச் சிலுவை நாட்டப்பட்டதாம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக அவ்விடத்தில் இந்தக் கல் ஆலயம் எழுந்தது. பல்லவர் மாமல்லபுரத்தில் கற்களைக் குடையத் தொடங்கிய காலத்துக்குச் சற்று முந்தியது என்று கணக்கிட்டுக்கொண்டோம். உள்ளே அலங்காரம் ஏதுமில்லை. நடுவில் சிலுவை, சுற்றிலும் வெறும் கற்சுவர், மேலே குவிமாடம், குறுகிய சாளரங்களின் வழியே விழும் வெளிச்சம். அவ்வளவே. ஆயினும் உள்ளே நுழைந்ததும் எங்கள் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டனர்.

குன்றின் விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே இரண்டு ஆறுகள் கூடுகின்றன. மேற்கேயிருந்து வரும் மித்க்வாரியும், வடக்கே பனிமலையிலிருந்து இறங்கும் அரக்வியும் வெவ்வேறு நிறத்தனவாய்ச் சற்றுத் தூரம் கலவாமல் பக்கம் பக்கமாக ஓடிப் பின்னர் ஒன்றாகின்றன. எங்களுடன் வந்த பாட்டியம்மாள் ஒருவர், “கூடுதுறை மாதிரி இருக்கிறதே!” என்று பவானியை நினைத்துக் கைகூப்பினார்.

கீழே ஊரின் நடுவில் ஸ்வேத்தித்ஸ்கோவெலி என்ற பேராலயம் நிற்கிறது. ‘உயிர் தரும் தூண்’ என்பது பெயரின் பொருள். ஏசுநாதர் அணிந்திருந்த அங்கி இங்கே புதைக்கப்பட்டது என்பது இவர்கள் நம்பிக்கை. இப்போதுள்ள கட்டடம் பதினோராம் நூற்றாண்டில் அர்சுகிட்சே என்னும் சிற்பி கட்டியது. ஆலயத்தின் வடபுறச் சுவரில் மூலைமட்டம் பிடித்த ஒரு கையின் புடைப்புச் சிற்பமும், அது அர்சுகிட்சேயின் கை என்று கூறும் எழுத்தும் உள்ளன. இத்தகைய ஆலயத்தை மறுபடியும் கட்டக் கூடாதென்று அவர் கையை வெட்டிவிட்டார்கள் என ஒரு கதை வழங்குகிறது. நம் நாட்டிலும் பெரிய கட்டடங்களைப் பற்றி இத்தகைய கதைகள் உண்டல்லவா?

உள்ளே சுவரோவியங்கள் சில இடங்களில் ஒளிர்கின்றன. பல இடங்களில் வெறும் வெள்ளைச் சுவர்தான். காரணம் கேட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் பல ஓவியங்களுக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள் என்றார் அம்மையார். ஓவியத்தோடு அது நிற்கவில்லை. பல நூற்றாண்டுகளாகத் தன்னாட்சி பெற்றிருந்த ஜார்ஜியத் திருச்சபையின் உரிமையை 1811-இல் ரஷ்யப் பேரரசு நீக்கித் தன் திருச்சபையின் கீழ்க் கொண்டுவந்தது. 1917-இல் ஜார்ஜியர் அவ்வுரிமையை மீட்டுக்கொண்டனர். அடுத்து வந்த சோவியத் ஆட்சியிலோ பற்பல ஆலயங்கள் பூட்டப்பட்டன. இன்று இவ்வாலயத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்போரில் முதியோரைக் காட்டிலும் இளைஞரே அதிகம் காணப்பட்டனர்.

ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தின் அமைப்பு நமக்கு முற்றிலும் புதியதன்று. பெஞ்சு நாற்காலிகள் இல்லை. மக்கள் நின்றே வழிபடுகின்றனர். பலிபீடம் இருக்கும் பகுதியைத் திருவுருவப் படங்கள் பொருந்திய ஒரு தடுப்பு மறைக்கிறது. குருமார் மட்டுமே அதற்கப்பால் செல்லலாம். அர்த்த மண்டபத்துக்கு வெளியே நின்று திரை விலகக் காத்திருந்து பழகிய நம் பெண்மணிகளுக்கு இதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிலைகள் கிடையாது, படங்களே. வாத்தியமும் இல்லை. மூன்று குரல்கள் மூன்று வழியாகச் சென்று ஒன்றாய் இயையும் பாட்டு மட்டுமே. இந்தப் பல்குரற் பாட்டையும் யுனெஸ்கோ உலகின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் போற்றியுள்ளது.

கோட்டையும் நீர்த்தேக்கமும்

மித்ஸ்கேத்தாவிலிருந்து அரக்வி ஆற்றை எதிர்த்துச் சாலை ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் ஜின்வாலி நீர்த்தேக்கம் தென்பட்டது. மலைகளுக்கிடையே நீலமும் பச்சையும் கலந்த நீர்ப்பரப்பு. 1980-களில் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணை, மின்சாரம் அளிப்பதுடன் டிபிலிசிக்குக் குடிநீரும் தருகிறது. அதன் மேற்கோடியில், நீரின் விளிம்பிலேயே, அனனூரிக் கோட்டை நிற்கிறது. அரக்விப் பள்ளத்தாக்கை ஆண்ட சிற்றரசரின் கோட்டை இது. மதிலுக்குள் இருக்கும் பெரிய ஆலயம் 1689-இல் கட்டப்பட்டது. அதன் தென்புறச் சுவரில் பெரியதொரு சிலுவையும், திராட்சைக் கொடியும், விலங்குகளும் செதுக்கப்பட்டுள்ளன. 1739-இல் அண்டைச் சிற்றரசன் ஒருவன் இக்கோட்டையை முற்றுகையிட்டுத் தீக்கிரையாக்கினான். பகைவர் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.

கோவாவில் கிடைத்த அரசி

அனனூரியை விட்டுப் புறப்பட்டபோது அம்மையார், “இந்தியாவில் உங்களுக்கு எந்த ஊர்?” என்று வினவினார். சிகந்தராபாத் என்றோம், அவருக்கு விளங்கவில்லை. ஐதராபாத்துக்கு இரட்டை நகரம் என்றோம். உடனே அவர் முகம் மலர்ந்தது. “எங்கள் அரசியை அடையாளம் கண்டுபிடித்த ஊரா!” என்றார். நாங்கள் விழித்தோம். அவர் கூறிய வரலாறு இது.

கிழக்கு ஜார்ஜியாவில் காகேத்தி என்னும் சிற்றரசின் அரசி கேத்தவன். பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் அவரைச் சிறைப்படுத்தி ஷிராஸ் நகரில் பல ஆண்டுகள் வைத்திருந்தார். மதம் மாற மறுத்தமையால் 1624-இல் கேத்தவன் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். ஜார்ஜியத் திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றுகிறது. அந்நகரில் இருந்த போர்த்துகீசிய அகஸ்தீனியத் துறவிகள் அவர் உடலின் எச்சங்களை இரகசியமாக எடுத்துக் காத்தனர். அவற்றுள் ஒரு பகுதி கோவாவிலுள்ள தங்கள் மடத்துக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் அம்மடம் கைவிடப்பட்டு இடிந்தது. அரசியின் திருப்பண்டமும் இடிபாட்டுக்குள் மறைந்தது.

இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர், பழைய போர்த்துகீசிய ஏடுகள் கூறிய இடத்தை அடையாளங் கண்டு அகழ்ந்தபோது எலும்பு கிடைத்தது. ஆனால் அது அரசியின் எலும்புதானா? இதை ஆராய்ந்து கூறியது நம் ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம். தாய்வழி வரும் மரபணுவை அவர்கள் ஆராய்ந்தனர். அதில் கண்ட வகை இந்தியரிடம் காணப்படாதது. ஜார்ஜிய மக்களிடம் காணப்படுவது. 2014-இல் வெளிவந்த இவ்வாய்வில் முக்கியப் பங்கு கொண்ட விஞ்ஞானியின் பெயர் குமாரசாமி தங்கராஜ். பெயரைக் கேட்டதும் எங்கள் வண்டியில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லவும் வேண்டுமோ! 2021 ஜூலையில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் டிபிலிசிக்கே சென்று அத்திருப்பண்டத்தின் ஒரு பகுதியை அந்நாட்டிடம் ஒப்படைத்தார்.

“ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் நீங்கள் அவரை வைத்திருந்தீர்கள்” என்றார் அம்மையார். நாள்தோறும் பேருந்தில் அம்மையத்தைக் கடந்து செல்வோர் எங்களுள் இருவர் உண்டு. அவர்களும் இதை அன்றுதான் அறிந்தனர்.

கொழுக்கட்டையும் எழுத்தும்

பகலுணவுக்குப் பாசனவுரி என்னும் ஊரில் நிறுத்தினோம். வெண் அரக்வி, கரு அரக்வி என இரு கிளையாறுகள் இங்கே கூடுகின்றன. ஹின்காலி என்ற பண்டத்துக்குப் பெயர் பெற்ற இடம். நம் கொழுக்கட்டையைப் போல மாவை மடித்து முடிச்சிட்டு வேகவைப்பது. வழக்கமாக உள்ளே இறைச்சி வைப்பார்கள். கேட்டால் காளானோ, உருளைக்கிழங்கோ, பாலாடைக்கட்டியோ வைத்துத் தருகின்றனர். மேலுள்ள முடிச்சைப் பிடித்துக்கொண்டு உண்ண வேண்டும். முடிச்சை மட்டும் உண்ணாமல் தட்டிலே வைத்துவிட வேண்டும். யார் எத்தனை உண்டார் என்ற கணக்கு அதில் தெரிந்துவிடும்! சிவப்புக் காராமணி போன்ற பயற்றில் செய்த லோபியோ என்னும் குழம்பும் சோள ரொட்டியும் சைவ உணவு உண்பார்க்குப் போதுமானவை.

எங்கள் குழுவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உண்டு. கடைப்பலகையில் இருந்த ஜார்ஜிய எழுத்துகளைப் பார்த்துவிட்டு, “மாமா, இந்த எழுத்தும் நம் தமிழ் போல வட்ட வட்டமாக இருக்கிறதே!” என்று உரக்கக் கூவினான். அம்மையார் வியந்து, “இவர்தான் உன் தந்தையா?” என்று கேட்டார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தையாம்! தாயை ‘தேதா’ என்கின்றனர். அனைவரும் சிரித்து ஓய்ந்தபின், அவர் தம் மொழியின் கதையைச் சொன்னார்.

ஜார்ஜிய மொழி, அண்டையிலுள்ள ரஷ்யம், துருக்கியம், பாரசீகம் ஆகிய எம்மொழிக் குடும்பத்தையும் சேராதது. அதற்குத் தனி எழுத்து உண்டு. இன்று வழங்கும் எழுத்துகள் 33. கோகெபாஷ்விலி என்ற ஆசிரியர் 1876-இல் பிள்ளைகளுக்காக ஓர் அரிச்சுவடி எழுதினார். அதன் பெயர் ‘தேதா ஏனா’, அதாவது, தாய்மொழி. தலைமுறை தலைமுறையாக அந்நாட்டார் எழுத்தறிந்தது அப்புத்தகத்தில்தான். 1978-இல் சோவியத் ஜார்ஜியாவின் அரசியலமைப்பைத் திருத்தும்போது, ஜார்ஜியமே ஆட்சிமொழி என்ற விதியைக் கைவிட முயன்றனர். அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் ஆயிரக்கணக்கான மாணவரும் மக்களும் டிபிலிசித் தெருவில் திரண்டனர். அதிகாரத்தில் இருந்தோர் பணிந்தனர், விதி நிலைத்தது. அந்நாளை ஜார்ஜிய மொழி நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வருவதும் பெரும்பாலும் அதே நாளில்தான்.

இதைக் கூறிவிட்டு அம்மையார் ஒரு தாளில் அச்சிறுவன் பெயரை ஜார்ஜிய எழுத்தில் எழுதிக் காட்டி, “இனி உன் எழுத்தில் நீ எழுது” என்று தாளை நீட்டினார். சிறுவன் ஆவலுடன் வாங்கினான். ஆங்கிலத்தில் எழுதினான். தெலுங்கில் எழுதினான். இந்தியிலும் எழுதினான். பிறகு எழுதுகோலை வாயில் வைத்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்தான். அந்தத் தாய் தாளை வாங்கித் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் இருந்த மற்ற மூன்று குடும்பத்தாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் அதே நிலைதான்.

சிலுவைக் கணவாய்

பாசனவுரியைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் குடவுரி என்னும் பனிச்சறுக்கு ஊர். அதற்கு மேல் பள்ளத்தாக்கின் விளிம்பில் வட்ட வடிவில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. உட்புறம் முழுவதும் வண்ண ஓடுகளால் ஆன சித்திரங்கள். 1783-இல் ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லே ரஷ்யாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்ததன் இருநூறாம் ஆண்டு நினைவாக 1983-இல் எழுப்பியது. அவ்வுடன்படிக்கைக்குப் பிறகு 1795-இல் பாரசீகர் டிபிலிசியைச் சூறையாடியபோது ரஷ்யப் படை உதவிக்கு வரவில்லை. 1801-இலோ ரஷ்யாவே நாட்டைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. சித்திரங்களின் முன் படம் எடுத்துக்கொள்வோர் கூட்டம் மிகுதி. பின்புறம் தெரியும் பள்ளத்தாக்கே அதிக அழகு.

சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் சிலுவைக் கணவாய். ஜூன் மாத இறுதியிலும் சாலையோரப் பள்ளங்களில் பனி உருகாமல் கிடந்தது. சரிவுகளில் வெண்மையும் இளமஞ்சளுமாய் ரோடோடெண்ட்ரான் புதர்கள் பூத்திருந்தன. நம் நீலகிரியில் செந்நிறமாய்ப் பூக்கும் மரத்துக்கு இவை உறவு. இங்கே காற்றுக்கும் பனிக்கும் அஞ்சித் தரையோடு படர்ந்திருக்கின்றன. கனிமநீர் ஊற்றுகள் சுண்ணாம்பையும் இரும்பையும் சுமந்து வழிந்து, பாறை முழுவதையும் மஞ்சளும் காவியுமாய்ப் பூசி வைத்திருக்கின்றன. உயரத்தில் ஒரு பெரும்பறவை சிறகசைக்காமல் வட்டமிட்டது. எலும்பை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்து உண்ணும் தாடிக்கழுகு என்றனர்.

ரஷ்யாவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நிற்கின்றன. பனிச்சரிவினால் குளிர்காலத்தில் கணவாய் அடிக்கடி மூடப்படும். இதற்காக க்வெஷெத்தி, கோபி என்னும் ஊர்களுக்கிடையே மலையைக் குடைந்து சுமார் 9 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை அமைத்து வருகின்றனர். 2024-இல் குடைவு மறுபுறம் எட்டிவிட்டது. காஷ்மீரத்தில் 2013-இல் திறந்த நம் பனிஹால் ரயில் சுரங்கம் 11 கிலோமீட்டர் என்று எங்களவர் பெருமையுடன் எடுத்துரைத்தனர்.

மலைக்கோயில்

பிற்பகலில் ஸ்தெபான்த்ஸ்மிந்தா வந்தடைந்தோம். இதன் எதிரே 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பது கஸ்பெக் சிகரம். தெய்வங்களை எதிர்த்த அமிரானி என்னும் வீரன் இம்மலையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டான் என்பது ஜார்ஜியரின் பழங்கதை. சிகரத்துக்கும் ஊருக்கும் நடுவே, 2,170 மீட்டர் உயரத்தில், தனித்ததொரு முகட்டில் நிற்கிறது கெர்கெத்தி திரித்துவ ஆலயம். பதினான்காம் நூற்றாண்டினது. ஓர் ஆலயம், அதனருகே ஒரு மணிக்கூண்டு; வேறொன்றுமில்லை. பின்னால் பனிமலை.

இத்தனை உயரத்தில் ஏன் கட்டினார்கள்? நாட்டுக்கு ஆபத்து வந்தபோதெல்லாம் மித்ஸ்கேத்தாவின் திருப்பொருள்களை இங்கே தூக்கி வந்து மறைத்து வைப்பராம். திராட்சைக் கொடியை வளைத்துத் தம் கூந்தலால் கட்டி நினோ அம்மையார் செய்துகொண்ட சிலுவையும் அவ்வாறு இங்கு வந்ததென்பர். இப்போது அது டிபிலிசியின் சியோனி ஆலயத்தில் இருக்கிறது. கைகள் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த அச்சிலுவை வடிவை நாட்டின் எல்லா ஆலயங்களிலும் காணலாம்.

1988-இல் சோவியத் அதிகாரிகள் ஊரிலிருந்து இம்முகட்டுக்குப் பழநியில் உள்ளது போன்ற கம்பிவட வண்டி அமைத்தனர். புனித இடத்தின் அமைதி கெடுகிறதென்று மலைமக்கள் வருந்தினர். சில ஆண்டுகளிலேயே அவர்கள் அதை அகற்றிவிட்டனர். இப்போதோ தார்ச் சாலை மேலே வரை செல்கிறது. வண்டிகள் நூற்றுக்கணக்கில் ஏறுகின்றன. சாலை இல்லாவிடில் எங்கள் பாட்டியம்மாள் அங்கே வந்திருக்க முடியாது. அதே சமயம், ஆலயத்தினுள் வழிபட வந்த ஊர்ப் பெண்ணொருத்தி, எங்களைப் போன்ற கூட்டத்தைக் கடந்து மெழுகுவர்த்தி ஏற்றச் சிறிது நேரம் காத்து நிற்க வேண்டியதாயிற்று. திருவிழாக் காலத்தில் நம் மலைக்கோயில்களில் காணும் தொல்லையே இங்கும். எங்களுள் இளையோர் திரும்பும்போது வண்டியில் ஏறாமல் பழைய ஒற்றையடிப் பாதை வழியே இறங்கினர். இறங்க முக்கால் மணி நேரம் பிடித்தது. நடக்க வல்லவர்கள் அவ்வாறே செய்தல் நலம்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

ஆலயங்களுக்குள் பெண்டிர் தலையை மூட வேண்டும். முழங்காலுக்குக் கீழ் ஆடை வேண்டும். நம் சேலைத் தலைப்பே போதுமானது. ஆடவர் அரைக்கால் சட்டையுடன் நுழைதல் தகாது. வழிபாட்டு நேரத்தில் படம் எடுக்கலாகாது. டிபிலிசியில் வெயில் காய்ந்தாலும் கெர்கெத்தியில் குளிர்காற்று வீசும். கம்பளிச் சட்டை அவசியம். போகவர ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மலைப்பாதை என்பதால், தலைசுற்றல் உள்ளோர் வண்டியின் முன்பக்கம் அமர்வது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

37 லட்சம் மக்கள், பேரரசுகள் பலவற்றின் நடுவே, தம் எழுத்தையும் பாட்டையும் கோயிலையும் விடாமல் வைத்திருக்கின்றனர். அவர்கள் திருப்பொருளை மலைமேல் ஏற்றிக் காத்தார்கள். எழுத்தைக் காக்க வீட்டுக்கொரு அரிச்சுவடி இருந்தது. நாமோ எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர். நம் எழுத்துக்கு யாராலும் தடை இல்லை. தெருவிலும் பள்ளியிலும் தமிழ் இல்லாத ஊரில் வாழ்கிறோம் என்பது மட்டுமே நம் குறை. அக்குறைக்கு மருந்து வீட்டில்தான் இருக்கிறது.

திரும்பி வந்தபின் நாங்கள் நான்கு வீட்டாரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டுள்ளோம். ஞாயிறுதோறும் மாலையில் ஒரு வீட்டில் பிள்ளைகள் ஒன்றுகூடுகின்றனர். பாட்டியம்மாள் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிறார். ‘அ’வில் தொடங்கி இப்போது ‘ங’ வரை வந்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் வந்து சேரலாம். பலகையும் எழுதுகோலும் கொண்டுவந்தால் போதும்.